வராந்தா நடை

பிரசவ அறைக் கதவு திறந்ததும், வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவன் ஓடி வந்தான்.

"சிஸ்டர், நஞ்சுக்கொடி வந்துருச்சா?"

அப்போதுதான் டியூட்டி மாறி வந்திருந்த நர்ஸுக்குச் சுருக்கென்றது. பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவள் அவள். ஆணா பெண்ணா என்று கேட்டு நச்சரிக்கிற அப்பன்களையும், மயக்கம் போட்டு விழுகிற அப்பன்களையும் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

"முதல்ல பிள்ளை வரட்டும். அதுக்கே அவ தெம்பில்லாமக் கெடக்கா."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவை அடைத்துவிட்டாள்.

உள்ளே அந்தப் பெண் முக்கவும் திராணியற்றுக் கிடந்தாள். பிள்ளையின் துடிப்பு வேறு குறைந்துகொண்டே வந்தது. டாக்டரின் முகமே சரியில்லை.

"அவருக்கு எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றாள் ஈனக்குரலில்.

"உன் வீட்டுக்காரருக்கு என்ன கொறச்சல்? வராந்தா தேயத் தேய நடந்துக்கிட்டிருக்காரு."

"நடக்கிறாரா?"

"இப்பதான் என் கண்ணால பாத்தேன்."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். பிள்ளை வீறிட்டது.

மார்பில் பிள்ளையைப் போட்டதும் சிரித்தாள். "அவரை வரச் சொல்லுங்க சிஸ்டர்."

டாக்டர் நஞ்சுக்கொடியைப் பக்குவமாக ஐஸ் பெட்டியில் வைத்து, வெளியே காத்திருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். நர்ஸ் கொண்டுபோய் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"லேபுக்கு ஓடணும் சிஸ்டர். இதோட சவ்வுல ஸ்டெம் செல்லை வளத்து, மாடியில ஐ.சி.யூ.ல இருக்கறவரோட இதயத்துல ஒட்டுப் போடப் போறாங்க. இதை விட்டா வேற வழியில்லைன்னுட்டாங்க."

நர்ஸுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மாடியில இருக்கறவருக்காக இந்த ஓட்டம் ஓடுறியே, பெத்துப் போட்டவளை எட்டிப் பாக்கத் தோணலையா? நீ நடக்கிறேன்னு சொன்னதுக்கே அவ அழுதுட்டா தம்பி. அந்த சந்தோஷத்துலதான் பிள்ளையே பொறந்துச்சு. உள்ள வா, கூப்பிடுறா."

அவன் முகம் வெளிறியது.

"அண்ணன் நடக்கிறாருன்னா அண்ணிகிட்ட சொன்னீங்க?"