ராசாவுக்கு ஒரு தேள்

"தேளை அடிச்சிடாதீங்க," என்றாள் மனைவி போனில். "டம்ளரைக் கவுத்து மூடி வைங்க. இதோ வந்துட்டேன்."

அடிக்கவா போகிறான். செருப்பைத் தூக்குகிற கையிலா உயிர் இருக்கிறது?

வலது கைக் கட்டைவிரலில் கொட்டியிருந்தது. காய்ந்த துண்டை உதறாமல் எடுத்தது தப்பு. இந்த அரிசோனாப் பாலைவனத்தில் எதையும் உதறித்தான் எடுக்கணும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொள்வாள்.

வீங்கவில்லை. சிவக்கவில்லை.

முழங்கை வரை கரண்ட் ஓடுகிறது. ஆனால் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

வந்தாள். நேராகக் கண்ணாடி டம்ளரிடம் போய் மண்டியிட்டாள்.

"அடடா, என்ன துடிப்பா இருக்கு பாருங்க."

பிறகுதான், "எந்தக் கை?"

மூச்சைப் பார்த்தாள். நாக்கு குழறுகிறதா என்று பேசவிட்டுப் பார்த்தாள். பெரியவங்களுக்கு இதனால் உயிர் போகாது என்று சொல்லி ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

டாக்டர் செய்கிற மாதிரி.

"கிளம்புங்க, லேபுக்குப் போயிட்டு வந்திடலாம். இங்கே தனியா விட்டுட்டுப் போக முடியாது."

"என்னையா, தேளையா?"

சிரித்தாள். "லேப் தேளெல்லாம் சவம் மாதிரி கிடக்கு. இது ராசாவுக்குப் பிடிக்கும்."

ராசா என்பது எலி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பாலைவன எலி. தேளைத் தின்று வாழ்கிற சாதி. அவள் ஆராய்ச்சியே அதை வைத்துத்தான்.

இவன் 'என்னங்க'. அது 'ராசா'.

தேளை மாற்றி அடைத்த ஜாடி அவன் மடியில் இருந்தது. அவள் காரை ஓட்டினாள்.

"கொட்டு வாங்கினது நான். விருந்து மட்டும் அவனுக்கா?"

"போயும் போயும் ஒரு எலியோட மல்லுக்கு நிக்கிறீங்களே," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

லேபில், கண்ணாடித் தொட்டிக்குள் தேளை விட்டாள்.

ராசா பாய்ந்தது. தேள் வாலைச் சொடுக்கி அதன் மூக்கிலேயே ஒன்று போட்டது. எலி முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. கொசு உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி. அப்புறம் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா? அந்த விஷமே அதுக்கு வலியை நிறுத்திடுது. என் ராசா."

அவளுடைய அந்த மலர்ந்த முகத்தை அவன் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

தின்று முடித்து எலி பின்னங்காலில் எழுந்து நின்றது. அண்ணாந்து, ஓநாய் மாதிரி, மெல்லிசாக ஊளையிட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

ஐஸ் எப்போதோ கரைந்து அவன் சட்டைக் கையை நனைத்திருந்தது.

திரும்பினாள். "உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கா? எறும்பு கடிச்ச மாதிரி."

அவள் நம்பவில்லை. கட்டைவிரலைப் பிடித்து, கொட்டின இடத்தில் விரல் நுனியால் லேசாகத் தட்டினாள். இந்தத் தேளிடம் மாட்டினவர்கள் அந்த ஒரு தட்டுக்கே அலறிவிடுவார்கள். சோதிப்பது அப்படித்தான்.

அவன் சிரித்தான்.

"நிஜமாவே வலிக்கலையா?"

விரலைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

ராசாவைப் பார்த்த அதே முகம்.

"வேணும்னா இன்னொரு தடவை தட்டிப் பாரேன்," என்றான்.