நெற்றிச் சோதனை

கருப்பியின் நெற்றியில் பெத்தன் கை வைத்ததுதான் தாமதம், அவள் துள்ளிப் பின்னால் போனாள்.

"பாத்தியாடா! காய்ச்சக்காரி, தொட்டதும் துள்ளுறா," என்றார் கங்காணி வீரையா. அவர் தள்ளி, வேப்ப மரத்தடியில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

ஊரெல்லாம் பம்பாய்க் காய்ச்சல். நெற்குப்பைத் தெருக்களில் பாடை போகாத நாள் இல்லை. அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் கட்டட வேலை நடந்தது. முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சியின் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

காய்ச்சல் உள்ள ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு. வேலையாட்களின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து உள்ளே விட வேண்டியவர் வீரையா. சுட்டால் வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். அன்று கூலி கிடையாது.

வீரையாவாவது, கூலியாள் நெற்றியைத் தொடுவதாவது! சுண்ணாம்பு அரைக்கிற பெத்தனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டார்.

"கருப்பிக்குச் சூடு இல்லீங்கய்யா. குளுந்துல்ல கெடக்கு," என்றான் பெத்தன்.

"ஒனக்கு என்னடா தெரியும்? ஏய், போடி அங்குட்டு!"

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..." என்றாள் கருப்பி.

"ஒங்க கூட்டத்துக்குப் பொய் சொல்லவா கத்துத் தரணும்? வாயத் தொறந்து இங்குட்டுக் காத்த விடாத!"

கருப்பி வெளிச்சுவர் ஓரமாய் ஒதுங்கினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நெற்றியைக் காட்டினார்கள். "குளுந்திருக்கு... இதுவும் குளுந்திருக்கு," என்று பெத்தன் சொல்லச் சொல்ல உள்ளே போனார்கள். கொள்ளைநோயைத் தானே கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர்போல வீரையா மீசையை நீவிக்கொண்டார்.

உள்ளிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "வீரையா, பேரனுக்குத் தொட்டில் கட்டணும். காய்ச்ச இல்லாத ஆளா, நல்லாப் பாத்து அனுப்பு!"

"நம்ம பெத்தனையே அனுப்புறேன் ஆச்சி! காலையிலருந்து என் கண்ணு முன்னாலதான் நிக்கிறான்." பெத்தனிடம் திரும்பினார். "காலைக் கழுவிட்டுப் போடா."

பெத்தன் போனான். தொட்டில் சங்கிலி கிணுகிணுத்தது. குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

வீரையா வெளியே பார்த்தார். கருப்பி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"போகலையாடி நீ? காய்ச்ச இல்லாதவ அப்ப எதுக்குடி அந்தத் துள்ளு துள்ளுன?"

"அதச் சொல்லத்தான வந்தேன், நீங்க எங்க கேட்டீக? அவன் கை நெருப்பாச் சுட்டுச்சுய்யா."