சாய்ந்து மிதிக்கும் வண்டி

புத்தூரிலிருந்து திருப்பதிக்கே சைக்கிளில் போய் வருகிறவர் கோவர்த்தனன். அவர் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிளை வாங்கி வந்ததும், மனைவி தாட்சாயணிக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னாங்க இது? எங்கனா விழுந்துட்டீங்களா?"

"இல்லியே. இதுல முதுகு வலிக்காது. நின்னா கால் ஊன வேணாம்."

"தல சுத்துதா? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ பழைய சைக்கிளுக்கு இன்னா கொற? ஊரே இதத்தான் வேடிக்க பாக்கும்."

"பாக்கட்டும். அதுக்குத்தான் வாங்கினேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பழைய சைக்கிள மெதுவா மிதிச்சா சாஞ்சிடும். இது உன் நடைக்கு ஈடா வரும், சாயாது. எல்லாரும் இதப் பாத்துக்கினு இருப்பாங்க. உன்ன யாரும் பாக்க மாட்டாங்க."

அவளுக்குப் பக்கவாதம் வந்தபின் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கால் இழுப்பதை ஊர் பார்க்குமே என்று கூசி, தாட்சாயணி மூன்று மாதமாக வாசற்படி தாண்டவில்லை.

அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு மெல்லத் தெருவில் இறங்கினாள். அவர் பக்கத்திலேயே மிதித்துவந்தார்.

எதிர்வீட்டு ஷோபா ஓடிவந்தாள். "மாமா, இது இன்னா வண்டி?"

தாட்சாயணி நின்று, தானே பதில் சொன்னாள்.