அடித்த கையாலே

ரத்தம் ஒட்டிய மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மோகன்ராஜ் மூச்சு வாங்கினான். "முடிஞ்சது கதை" என்றான். அவன் மனைவி சரளா, மகள் நிஷாவின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கூடாரத்து வாசலில் நல்ல பாம்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. வால் மட்டும் இன்னும் நெளிந்தது. தலை கொஞ்சம் தள்ளிச் சுள்ளிகளுக்கு நடுவே விழுந்திருந்தது.

அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பி, நன்மங்கலம் காட்டோரம் நண்பனின் காலி மனையில் கூடாரம் போட்டது மோகன்ராஜின் யோசனைதான். ஆபீஸில் எல்லோரும் குடும்பத்தோடு காடு மலை சுற்றிப் படம் போடுகிறார்களாம், இவனும் போட வேண்டுமாம். காலையிலிருந்து மயிலைப் போட்டான், கீரியைப் போட்டான், மனைவியையும் மகளையும் அதட்டிச் சிரிக்கவைத்து அதையும் போட்டான்.

பாம்பு அதுபாட்டுக்குப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. "அடிக்காதீங்கப்பா, அதுவே போயிடும்" என்று நிஷா கையைப் பிடித்ததுதான் குற்றம். மண்வெட்டிக் காம்பால் அவள் தோளில் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் பாம்பிடம் போனான்.

"என் கையப் பிடிக்கிற அளவுக்கு வளந்துட்ட. வீட்டுக்கு வா, பெல்ட்டு பிய்யிற வரைக்கும் இருக்கு உனக்கு."

போன மாதம்தான் அந்தப் பெண்ணின் கைக்குப் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாடிப்படியில் விழுந்தாள் என்று டாக்டரிடம் சொன்னது சரளா, சொல்லவைத்தது அவன். சொன்னால் செய்துவிடுகிற ஆள் மோகன்ராஜ். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"என்னடி நடுங்கற? ஸ்கூல்ல பிளஸ் டூவுக்குப் பாம்பு பத்தி வாய் கிழியப் பாடம் எடுக்கற. நேர்ல பாத்ததும் பேச்சு வரலியா?"

"தலைப்பக்கம் போகாத" என்று சரளா நிஷாவைச் சுற்றி அழைத்துப்போய், காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவள் நடுக்கம் நின்றிருந்தது.

"நல்ல பாம்புங்க. அப்படியே போட்டுட்டுப் போனா தோஷம்னு சொல்வாங்க."

மோகன்ராஜுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி பிள்ளையை மிதிக்கும்போது வராத பயமெல்லாம் அவனுக்கு ஜாதகத்தைத் திறந்தால் வந்துவிடும். அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக வெளிநாட்டுக்கு ஆன்சைட் பயணம் வேறு இருந்தது.

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"வாயில காசு வெச்சு, பால் ஊத்திப் புதைக்கணும். அடிச்ச கையாலதான் வெக்கணுமாம்."

"குச்சியால வெச்சா?"

"அது செல்லாதும்பாங்க."

கோயில் பக்கமே எட்டிப்பார்க்காதவள், புருஷன் நல்லா இருக்கணும் என்று இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறாளே என்று மோகன்ராஜுக்கு மனசு குளிர்ந்துபோனது. அடி வாங்கினாலும் அடங்கித்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"தோல் சாமான் உடம்புல இருக்கக் கூடாது, பெல்ட்டக் கழட்டுங்க. பர்ஸ், சாவி, போனெல்லாம் குடுங்க. மண்ணாயிடும்."

உருவிக் கொடுத்தான். பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை அவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெல்ட்டைச் சுருட்டி மற்றவற்றோடு கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். டீ போட வாங்கிய பால் பாக்கெட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

மோகன்ராஜ் குழி வெட்டி, பாம்பின் உடலை அதில் தள்ளினான். பிறகு மண்டியிட்டு, தலையைக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் தாடையைப் பிரித்துக் காசை நுழைத்தான்.

தாடை மூடிக்கொண்டது.

அவன் போட்ட அலறலில் புதருக்குள் இருந்த மயில்கள் அடித்துப் பிடித்துப் பறந்தன. கையை உதறினான், தரையில் அறைந்தான், கல்லில் வைத்துத் தேய்த்தான். தலை விடவில்லை. கடைசியில் சதையோடு பிய்த்து எறிந்தபோது முழங்கை வரைக்கும் ரத்தம் வழிந்தது.

"சரளா, கார எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். சீக்கிரம்டி."

அவள் நகரவில்லை. கைப்பை தோளில் தொங்கியது, ஜிப் மூடியே இருந்தது.

அவன் எழுந்து அவளை அடிக்கக் கை ஓங்கினான். அவள் விலகி விலகிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கால் மடங்கிக் குழியோரம் விழுந்தான். இமை கனத்து இறங்க, நாக்கு தடித்துக் குழறியது.

"செத்த பாம்புடி அது... எப்படிக் கடிக்கும்?"

சரளா பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்தாள்.

"வெட்டின தலை ஒரு மணி நேரம்கூடக் கடிக்கும்ங்க, வருஷாவருஷம் பிளஸ் டூவுக்கு நான் நடத்தறதுதான்."