ஜப்பான்காரன் குடை

“பொண்டாட்டிக்குக் குடை புடிக்கிறவன் ஊட்டுல மூணு தலைமுறைக்கு ஆம்பளை பேச்சு எடுபடாது” என்று பொன்னுவேல் அறிவித்தான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த தன் தைலக் கடை வாசலில் நின்று, ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவிக்கிற முகத்தோடு அறிவித்தான்.

சேலத்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவன், முழுக் குடையையும் புது மனைவிக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஏரிப் பக்கம் போனான். அதற்குத்தான் இந்த அறிவிப்பு.

“அப்ப உங்க ஊட்டம்மா கூட வரும்போது மழை பேஞ்சா?” என்று கேட்டார் பக்கத்து டீக்கடைப் பெரியநாயகம்.

“அவ நனைவா. நான் நடப்பேன்.”

நல்லவேளை, மனைவி பூங்காவனத்துக்கு இது கேட்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற செல்லப்பனோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

செல்லப்பன், வெளியூர்க்காரர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுகிறவன். அவன் நெற்றியில் எப்போதும் முடி விழுந்து கிடக்கும். அதை அவன் ஒதுக்கிவிடுவதே இல்லை.

அவன் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். அவள் பிரித்தாள். உடனே அவன் அதை அவள் கையிலேயே ஒரு புரட்டுப் புரட்டி வைத்து, ஏதோ சொன்னான். பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் பொன்னுவேலுக்கு அந்தச் சிரிப்பு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

“என்ன புள்ள அது?” என்று அவள் திரும்பி வந்ததும் கேட்டான்.

“பூப் பாக்க வந்த ஜப்பான் அம்மா குடுத்துட்டுப் போச்சாமுங்க. படக்கதை. அவங்கூர்ல ரயிலேறுனா பெரியவங்க கையிலெல்லாம் இதுதானாமா.”

“ஊரெல்லாம் கலர் டி.வி. வந்துருச்சு, அவங்க இன்னும் கருப்பு வெள்ளையில பொம்மை பாத்துட்டிருக்காங்களாக்கும்! வெளங்கிரும் அந்த ஊரு.”

பூங்காவனம் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். புத்தகத்தை எடுத்த அன்று கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். வாரக் கடைசியில் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, பொன்னுவேல் கதவைச் சாத்திவிட்டு, விளங்காத ஊரின் புத்தகத்தைப் பிரித்தான். எழுத்து ஒன்றும் புரியவில்லை. படம் போதும்.

முதல் பக்கத்திலேயே கல்யாணம். வெள்ளைக் கவுன், பூங்கொத்து. சர்ச் கல்யாணம் பார்த்த ஏற்காட்டுக்காரனுக்கு அதில் குழப்பமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் கைபிடித்து நடந்தார்கள். அதற்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து சந்தகை மாதிரி நூல் நூலாக எதையோ குச்சியால் தின்றார்கள். அதற்கும் அப்புறம்தான் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்து வெட்கப்பட்டார்கள். பொன்னுவேலுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. அவன் வீட்டிலும் இதே வரிசைதான்.

பிறகுதான் கதை மாறியது. போகப்போக இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் எவனோ ஒருவன் வந்தான். நெற்றியில் முடி. கடைசிப் பக்கத்தில் கொட்டுகிற மழை. அவள் அவன் பின்னால் ஏறிப் போகிறாள். புருஷன், பணியாரம் அளவுக் கண்ணில் நீர் முட்ட, விரிக்காத குடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான்.

பொன்னுவேல் புத்தகத்தை மூடினான். செல்லப்பன் எதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான் என்பது விளங்கிவிட்டது.

மறுநாள் பூங்காவனம் நாகலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் பொன்னுவேலும் வந்தான், கையில் மடக்கிய குடையோடு. பஸ் வரவில்லை, மழை வந்தது. மழைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளும் வந்தது.

“ஏனுங்கக்கா, நாகலூர்ங்களா? நானும் அங்கதானுங்க போறேன். ஏறுங்க, எறக்கி உட்டர்றேன்.”

‘அக்கா’ என்றதையும் பொன்னுவேல் தந்திரக் கணக்கிலேயே சேர்த்தான்.

“பஸ்ஸு நொம்ப நேரமாகுமாட்ட இருக்குதுங்க...” என்று இழுத்தபடி பூங்காவனம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

படாரென்று குடை விரிந்தது. முழுக் குடையும் அவள் தலைக்கு மேல். பொன்னுவேல் சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட வெளியே நின்றான்.

“அவ பஸ்ஸுலதான் வருவா. நானும் கூடப் போறேன். நீ கெளம்பு.”

எதிரே, டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியநாயகத்தின் கை அந்தரத்தில் நின்றது. “பொன்னுவேலு... மூணு தலைமுறை!”

பொன்னுவேல் திரும்பவில்லை. குடையும் அசையவில்லை.

செல்லப்பன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பூங்காவனம் குடையை அண்ணாந்து பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். “என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“நானும் பொஸ்தகத்தப் பாத்தேன் புள்ள. கடைசிப் பக்கத்துல அவ அந்த வண்டிக்காரங்கூடப் போயிர்றா.” அவன் குடையை இறுக்கிப் பிடித்தான். “நம்ம கதை அப்படி முடியக் கூடாது.”

பூங்காவனம் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. இந்தத் தடவை அவனைப் பார்த்து.

“ஐயோ, அது மொதப் பக்கமுங்க! ஜப்பான் பொஸ்தகத்தப் பின்னாலிருந்துதானுங்க படிக்கோணும்!”