திருப்பாத எண்

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு,

அறையில் மூவர் இருந்தோம். முதலாளி மேசைக்குப் பின்னால், அவருடைய தங்கை கணவர் எதிரே, நான் கணினி முன்னால்.

கம்பெனி வரைபடங்களைத் திருடி வெளியே அனுப்பியவன் யாரென்று கண்டுபிடிக்க, கணினியின் உள்மையமான கெர்னலுக்குள், வெளியே போன ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் தலைப்பையும் படித்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய கணினியின் அறை எண்ணும் மேசை எண்ணும் அதில் இருக்கும்.

"எவன்டா அது?" என்றார் முதலாளி.

"நாலாம் அறை, ஒன்பதாம் மேசைங்க."

"மாப்ளை, நீயா? என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சியா?" முதலாளி இரும்பு ஸ்டூலால் தங்கை கணவரின் கையை நொறுக்கினார்.

"சத்தியமா நானில்ல மச்சான்!" என்று அவர் அலறினார். ரத்தம் சுவரில் தெறித்தது.

திருட்டுக்காகக் கை உடைந்தவரையே நீங்கள் கைது செய்தீர்கள்.

கெர்னலில் அந்த எண்கள் தலைகீழாக வரும். திருப்பிப் படிப்பது என் வேலை, வேண்டுமென்றே திருப்பவில்லை. ஒன்பதாம் அறை, நாலாம் மேசை என்னுடையது.

உறையை ஒட்டி, கைதானவரின் மனைவி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.