மனைவிக்குப் பதிலாக ஒரு பரீட்சை

"உனக்குப் பதிலா நான் பரீட்சை எழுதணுமா? இதுக்குப் பேர் ஆள்மாறாட்டம்!"

மாஸ்டர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிடப் போய், தெருவுக்கே அவர் மாஸ்டர் ஆகிவிட்டார்.

மனைவி அசரவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் குழந்தைகள் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர்.

"எங்க வேலையில வருஷத்துக்கு முப்பது மணி நேரம் பயிற்சி எடுத்தாத்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பாங்க. தெரியும்ல?"

"தெரியும். அதை நீதானே எடுக்கணும்?"

"இந்த வாரம் மட்டும் ஏழு வீட்டுக்குப் போகணுங்க. இதுல ஆறே பாடம்தான். நீங்க முடிச்சுக் கொடுத்தா எனக்குப் பெரிய உதவி."

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் நியாயம் பேசறவ, வீட்டுக்குள்ள இப்படி ஒரு பித்தலாட்டம்!"

முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். மனைவி பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

பாடம் ஓடியது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி என்பது பற்றி. முடிவில் கேள்விகள்.

'பதினேழு வயதுப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்வீர்கள்?'

"இதென்ன பிரமாதம்!" 'கதவைத் தட்டி, நல்லது கெட்டதை எடுத்துச் சொல்வேன்' என்ற பதிலைத் தட்டினார்.

தவறு.

பத்துக்கு இரண்டு மார்க். 'மீண்டும் முயலவும்' என்றது திரை.

தினமும் பத்துப் பேரை "மறுபடி ரிவர்ஸ் எடு, மறுபடி எடு" என்று விரட்டுகிற மனிதருக்கு முகம் சுருங்கிப் போனது.

பக்கத்து அறையில் அவருடைய மகள். அவளுக்கும் பதினேழுதான். மூன்று வாரமாக அவள் கதவும் சாத்தியே கிடந்தது. கேட்டால் "ஒண்ணுமில்லப்பா." மாஸ்டர் வெளியில் நின்றபடியே உடற்பயிற்சி, உணவு, செல்போன், எதிர்காலம் என்று நான்கு தலைப்பில் சொற்பொழிவே ஆற்றிவிட்டார். தாழ்ப்பாள் அசையவில்லை.

மார்க் குறைந்த ரோஷத்தில் தினமும் மாலை உட்கார்ந்தார். மனைவி பாடத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவாள். இவர் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தார். நாலாவது பாடத்தில் பத்துக்கு ஒன்பது!

ஐந்தாவது பாடத்தில் செய்முறைப் பயிற்சி. 'ஓர் இளம் வயதினரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அறிவுரை கூடாது. குறுக்கே பேசக் கூடாது. நடந்ததை எழுதி அனுப்புங்கள்.'

"இதுக்கு ஆளுக்கு நான் எங்கே போறது?"

"அடுத்த ரூம்ல ஒருத்தி இருக்கா" என்றாள் மனைவி, கையிலிருந்த கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

மறுநாள், "கடைக்குப் போறேன், வர்றியாம்மா?" என்று மகளைக் கூப்பிட்டார். என்ன நினைத்தாளோ, வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

"காலேஜ்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

பழைய மாஸ்டராக இருந்தால் அங்கேயே ஆரம்பித்திருப்பார். இப்போது பாடத்தில் சொன்னபடி காத்திருந்தார். ஒரு சிக்னல் போனது. இரண்டாவதும் போனது.

"யாருமே என்கிட்ட பேசறதில்லப்பா" என்றாள் மகள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "மூணு வாரமா லைப்ரரி படிக்கட்டுல தனியா உட்கார்ந்துதான் சாப்பிடறேன். என் ஃப்ரெண்டு வேற கும்பலோட சேர்ந்துட்டா. என்னைப் பத்தி என்னமோ சொல்லியும் வெச்சிருக்கா."

'அவ வீட்டு அட்ரஸைக் கொடு!' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் அதைக் கடித்து விழுங்கினார்.

"கஷ்டமா இருந்திருக்குமேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அவள் அழுதாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கடை வந்தது, மாஸ்டர் வண்டியை நிறுத்தவில்லை. பெட்ரோல் முள் கீழே படுக்கிறவரைக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க உடனே பஞ்சாயத்துக்குக் கிளம்பிடுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"கிளம்பட்டுமா?"

"ஐயோ அப்பா! நானே அவகிட்ட பேசிக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை மாஸ்டர் நாலு பக்கம் எழுதினார். மிச்சமிருந்த பாடத்தையும் ஒரே மூச்சில் முடித்தார். சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு மனைவியிடம் ஓடினார்.

"இந்தா, உன் லைசென்ஸைக் காப்பாத்திட்டேன்!" என்று நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அடடா, இதுல என் பேரைப் போட்டுட்டாங்களே! தப்பா அடிச்சிருக்காங்க."

"சரியாத்தாங்க அடிச்சிருக்காங்க. என்னோட முப்பது மணி நேரம் போன மாசமே முடிஞ்சாச்சு. இது எங்க ஆபீஸ்ல பெத்தவங்களுக்கு நடத்தற வகுப்பு."

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சான்றிதழை மறுபடி படித்தார்.

"அப்போ உனக்கு உதவின்னு சொன்னது?"

"உதவிதானே? வகுப்புக்கு வாங்கன்னு நேராக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"பலே ஆளுடி நீ! எனக்கே தெரியாம என் பேரைக் கொடுத்திருக்கியே!"

"நான் எங்கே கொடுத்தேன்?" மனைவி சிரித்தாள். "'அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அதுக்குள்ள அவருக்குக் காது கொடுத்துக் கேட்கக் கத்துக்கொடுங்க'ன்னு எழுதி, ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்ததே உங்க பொண்ணுதான்!"